மஞ்சப்பை இயந்திரம்: பத்து ரூபாய்க்குத் தரமான பை, பாதி வழியில் நிற்கும் திட்டம்

எங்கள் பகுதிக் காய்கறிச் சந்தையின் வாசலில் நிற்கும் தானியங்கி மஞ்சப்பை இயந்திரத்தைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பத்து ரூபாய் நாணயத்தையோ தாளையோ செலுத்தினால், மடித்து வைத்த துணிப்பை ஒன்று கீழே வந்து விழும். பல கடைகளில் இன்னமும் வாங்கத் தயங்கும் பத்து ரூபாய் நாணயம் இதில் செல்லுபடியாவது நல்ல வசதி.

பையைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கைப்பிடி இரட்டைத் தையலோடு உறுதியாக இருக்கிறது. மூன்று கிலோ வெங்காயத்தோடு ஒரு கிலோ தக்காளியையும் போட்டு நடந்தபோதும் தையல் விடவில்லை. முதல் சலவையில் சாயம் இறங்குகிறது என்பதால், வெள்ளைத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். காற்றோட்டம் இருப்பதால் கீரை வீடு வந்து சேரும்வரை வெந்துபோவதில்லை.

இதைத் துணிக்கடைகளில் கொடுக்கும் வழவழப்பற்ற வண்ணப் பைகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை பார்வைக்குத் துணிபோல இருந்தாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓரத்தில் சிறு துண்டை வெட்டி நெருப்பில் காட்டினால் அது உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். பருத்தியோ தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களின் பட்டியலில் இந்த நெய்யாத பைகளும் உண்டு. ஆனாலும் அவை தாராளமாகப் புழங்குகின்றன, வாங்குகிறவர்களும் நல்லது செய்வதாகவே நம்புகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில் இத்தகைய இயந்திரம் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. சட்டம் இருக்கிறது, மாற்றுப் பொருளும் இருக்கிறது. இருந்தும் சந்தைக்குள் பத்தடி நடந்தால் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன.

அதற்குக் காரணம் வியாபாரிகளின் அலட்சியம் மட்டுமல்ல. இருபது ரூபாய்க்குக் கீரைக்கட்டு விற்கும் ஒரு அம்மா, பத்து ரூபாய்ப் பையை வாடிக்கையாளரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. சோதனைக்கு வருகிறவர்களிடம் அபராதம் கட்டுவதும் பெரும்பாலும் இவரைப் போன்றவர்கள்தான். அந்தப் பையைத் தயாரித்த ஆலையைத் தேடிப்போவதைவிடத் தரைக்கடையில் பறிமுதல் செய்வது எளிது; ஆனால் தடை பலிக்க வேண்டுமென்றால் ஆலையில்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு குறை, ஈரப் பொருட்கள். மீன், இறைச்சி, இட்லி மாவு, உணவகத்துச் சாம்பார் ஆகிய எதற்கும் துணிப்பை உதவாது. இவற்றுக்குத் தூக்குவாளியும் மூடியுள்ள பாத்திரமும்தான் பொருந்தும். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு ரூபாயாவது விலையில் குறைத்தால் பழக்கம் வேகமாகத் திரும்பும் என்று நினைக்கிறேன். பூவையும் வெற்றிலையையும் வாழையிலையில் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போய் வாங்கலாம்.

இயந்திரத்தின் பராமரிப்பிலும் கவனம் போதவில்லை. கசங்கிய தாளைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. கூட்டம் அதிகமான ஞாயிற்றுக்கிழமை காலையில் பை தீர்ந்துவிடுகிறது. யாரிடம் புகார் சொல்வது என்பதற்கு அதன்மேல் ஓர் எண்கூட எழுதப்படவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, பையைத் திரும்பப் பெறும் வழி இல்லாதது. பருத்தி விளைவிக்கவும் சாயமேற்றவும் நிறையத் தண்ணீர் செலவாகிறது என்பதால், பலமுறை பயன்படுத்தினால்தான் துணிப்பையால் பயன் உண்டு. மறந்து வரும்போதெல்லாம் புதிதாக ஒன்று வாங்கி வீட்டில் அடுக்குவது நோக்கத்தையே கெடுத்துவிடும். நீலகிரியில் 2022 முதல் மதுப்புட்டிகளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்ததும் அதைக் கொடுத்துவிடும் முறை நடைமுறைக்கு வந்தது. இதே முறையில் பையைத் திருப்பித் தந்தால் எட்டு ரூபாயாவது கிடைக்கும்படி செய்து, திரும்பிய பைகளைத் துவைத்து மீண்டும் நிரப்பும் வேலையை அந்தந்தப் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம்.

பைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன், இயந்திரத்துக்கு இரண்டரை. ஏற்கெனவே வீட்டில் தாம்பூலப் பைகள் குவிந்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை, அவற்றில் ஒன்றை மடித்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும்.