மூணாவது சென்சாரும் யுஎஸ்பி தகராறும்: பழைய ரிஃப்ட்டோடு என் அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்க வீட்டு மாடி அறையில் ஓக்குலஸ் ரிஃப்ட் என்கிற விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016-ல் வந்த முதல் மாடல். தலை, கை அசைவைப் பார்க்கிற சென்சாரைத் தனியாக வெளியே வைத்து, கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருக வேண்டிய ரகம். 2019-ல் வந்த ரிஃப்ட் எஸ்-ஸில் கேமரா ஹெட்செட்டுக்கே போய்விட்டது. ஆனால் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோனாலும் விடாமல் பிடிக்கிற இந்தப் பழைய முறைதான் எனக்குப் பிடிக்கும்.

அந்த முதுகுப் பக்கத்துக்காக மூணாவது சென்சாரைச் செருகியதும் தொல்லை ஆரம்பித்தது. விளையாட்டில் வில்லை இழுத்துக் குறி வைக்கும்போது வலது கை மட்டும் பிய்த்துக்கொண்டு கூரைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் ஒரு சென்சாரே காணாமல் போகும். "சென்சார் போச்சு, மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். அதே சென்சார் தம்பியின் கம்ப்யூட்டரில் அட்டகாசமாக வேலை செய்தது.

விஷயம் யுஎஸ்பி கன்ட்ரோலரில், அதாவது போர்ட்டுகளை நிர்வகிக்கிற சிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு சென்சாரும் ஓர் அகச்சிவப்புக் கேமரா. ஓயாமல் படம் அனுப்பும். கேபினெட்டில் ஆறு போர்ட் இருந்தாலும் உள்ளே கன்ட்ரோலர் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். ஒரே மேல்தொட்டியிலிருந்து வருகிற குழாய்கள் மாதிரிதான்: எல்லாவற்றையும் திறந்தால் கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். வேகம் மிச்சமிருந்தாலும், ஒரு கன்ட்ரோலர் கையாளும் எண்ட்பாயிண்ட்டுகளுக்கும் (ஒவ்வொரு சாதனத்திலும் டேட்டா போய்வரும் வாசல்கள்) வரம்பு உண்டு. அது தீர்ந்தால் காலி போர்ட்டில் செருகினாலும் விண்டோஸ் ஏற்காது. ஹப் வாங்குவது காசுக்குக் கேடு, அதுவும் அதே கன்ட்ரோலருக்குக் கீழேதான் உட்காரும். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' கொடுத்தால் எது எதன்கீழ் தொங்குகிறது என்று தெரியும். என் கம்ப்யூட்டரில் ஹெட்செட், மூன்று சென்சார், கீபோர்டு, வெப்கேம் எல்லாம் ஒரே கிளையில் இருந்தன.

அதனால் தனி கன்ட்ரோலருக்காக, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃப்ரெஸ்கோ லாஜிக் சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் யுஎஸ்பி கார்டு ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கிற கார்டாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்க சென்சார் இரண்டும் அதில், ஹெட்செட் மதர்போர்டில். மூணாவதை யுஎஸ்பி 2.0-வில் போட்டேன். அதன் வேகமான நொடிக்கு 480 மெகாபிட் போதுமா என்று சந்தேகம் வேண்டாம். அந்த சென்சாரோடு பெட்டியில் வந்த 5 மீட்டர் நீட்டிப்பு வயரே 2.0 தான். துல்லியம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. விண்டோஸ் பவர் ஆப்ஷனில், சும்மா இருக்கிற யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டையும், டிவைஸ் மேனேஜரில் ரூட் ஹப்களில் மின்சேமிப்பு டிக்கையும் எடுத்துவிட்டேன். அதோடு காணாமல் போவது நின்றது.

விளையாட்டில் கை நடுங்குவது மட்டும் மாலையில் மிச்சமிருந்தது. மேற்கு ஜன்னல் வெயில் பீரோ கண்ணாடியில் பட்டு நேரே சென்சாருக்குள் அடித்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. போதாததற்கு, கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் சென்சார் பார்க்கும் எல்இடி புள்ளிகளும் அந்தக் கண்ணாடியில் இரண்டாகத் தெரியும். ஜன்னலுக்குக் கெட்டித் திரை, பீரோவுக்குப் பழைய போர்வை. நடுக்கம் போயே போச்சு. வேலூர் வெயிலில் ஹெட்செட் லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே திரை கருகிவிடும்.

இப்போதும் கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும்போது எப்போதாவது ஒரு சென்சார் விழிக்காது. வயரைப் பிடுங்கிச் செருகினால் வந்துவிடும்.