எதிரியின் முகத்தை என்ன செய்வது? மறுஅச்சு வெள்ளிக் காசுகள் இரண்டு

பாட்டி பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு பேத்தி கைக்கு வரும்போது வீட்டில் இரண்டு கட்சி உண்டாகும். பழைய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதுப்பெயர் வெட்டச் சொல்வது ஒரு கட்சி, அது பாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொரு கட்சி. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில், எதிரியின் வெள்ளிக் காசு கைக்கு வந்தபோது இரண்டு பேர் இப்படித்தான் ஆளுக்கொரு வழியில் போனார்கள். ஒருவர் தக்காணத்துச் சாதவாகன அரசர் கௌதமிபுத்திர சாதகர்ணி. மற்றவர் உரோமை எதிர்த்து யூதேயாவில் (இன்றைய இஸ்ரேல் பகுதி) கிளர்ச்சி நடத்திய சிமோன் பார் கோக்பா.

இருவருக்கும் வசதி ஒன்றுதான். காசை உருக்கி, தகடு வார்த்து, எடை சரிபார்க்கும் வேலை கிடையாது. எடை ஏற்கெனவே சரியாக இருக்கும் பழைய காசையே அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி ஓர் அடி. நாணயவியலில் இதை மறுஅச்சு என்போம். இத்தாலியின் தெற்கே மெட்டபோன்டம் நகரம் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே கொரிந்து நகரக் காசுகளின் மேல் தன் வாற்கோதுமைக் கதிரை அடித்தது. ஆனால் அது வெறும் சிக்கனம். நம் இரண்டு காசுகளிலும் அரசியல் இருக்கிறது.

முதலில் நாசிக். 1906இல் நாசிக் மாவட்டம் ஜோகல்தம்பியில் ஒரு புதையல் கிடைத்தது. 13,250 சொச்சம் வெள்ளிக் காசுகள். எல்லாமே க்ஷகராத மரபின் மேற்கு சத்ரபரான (மேற்கு இந்தியாவை ஆண்ட சக அரசர்களின் பட்டம்) நகபானன் வெளியிட்டவை. அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றின் மேல் சாதகர்ணி தன் அச்சை அடித்திருந்தார். ஒரு பக்கம் மூன்று வளைவு மலை, அதன் கீழே நெளிகோடு, சுற்றிலும் பிராமியில் அவர் பெயர். மறுபக்கம் உஜ்ஜயினிக் குறி, அதாவது நான்கு முனைகளிலும் வட்டம் கொண்ட கூட்டல் குறி.

நம் ஒரு ரூபாயைவிடச் சிறிய, சுமார் 2 கிராம் காசு அது. அதில் நகபானனின் தலை, அதைச் சுற்றிச் சிதைந்த கிரேக்க எழுத்து, பின்பக்கம் அம்பும் வச்சிராயுதமும், பிராமி, கரோஷ்டி எழுத்துகளில் பெயர். இவ்வளவுக்கும் மேலே சாதகர்ணியின் மலை. பல காசுகளில் நகபானனின் முகம் மலைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அடித்தவர்கள் பழைய உருவத்தை முழுக்க மறைக்க மெனக்கெடவே இல்லை. அவசர வேலை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது வேண்டுமென்றே விட்டதாகத்தான் படுகிறது. சாதகர்ணியின் தாய் கௌதமி பலஸ்ரீ நாசிக் குகையில் வெட்டுவித்த கல்வெட்டு, மகனை ‘க்ஷகராத குலத்தை மிச்சமின்றி அழித்தவன்’ என்று புகழ்கிறது. யாரை அழித்தோம் என்பது காசிலும் தெரிய வேண்டாமா? ஆட்சி மாறியதும் பழைய படத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஓரத்தில் பழையவர் காது தெரிவதன் சுவை புதிதல்ல.

புதையலில் நாலாயிரம் காசுகள் அச்சு விழாமலேயே கிடந்ததும் கவனிக்க வேண்டியது. பழையதும் புதியதும் ஒரே குவியலில் இருந்தன. ஆக, நகபானன் காசு செல்லாக்காசு ஆகிவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

யூதேயாவில் கதை வேறு. கி.பி. 132 முதல் 135 வரை நீடித்த கிளர்ச்சி. பார் கோக்பா வெளியிட்ட காசுகள் எல்லாம் மறுஅச்சு. உரோமின் வெள்ளிக் காசான தெனாரியஸ் மேல் அடித்தது ‘சூஸ்’, சுமார் 3 கிராம். அந்தியோக்கியா போன்ற இடங்களின் பெரிய நான்கு திராக்ம (கிரேக்க நாணய அலகு) வெள்ளிக் காசின் மேல் அடித்தது ‘செலா’. பேரரசரின் தலை இருந்த இடத்தில் திராட்சைக் குலை, யாழ், ஊதுகொம்பு, குடம். செலாவில் எருசலேம் ஆலயத்தின் முகப்பு. அந்த ஆலயத்தை உரோமர்கள் 70இலேயே இடித்துவிட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் காசு கனக்கும். எழுத்தும் அன்றாட எழுத்தல்ல, பழைய எபிரேயம். ‘இஸ்ரவேலின் மீட்பு, முதல் ஆண்டு’, ‘எருசலேமின் விடுதலைக்காக’ என்ற வாசகங்கள்.

இங்கே பழைய முகம் தெரிவது தோல்வி. உருவ வழிபாட்டை விலக்கிய மதம், எதிரியோ பேரரசர். வெண்கலக் காசுகளை அரம் கொண்டு தேய்த்துவிட்டே அடித்தார்கள். வெள்ளியில் புது அச்சு பெரும்பாலும் பழையதை விழுங்கிவிட்டது. ஆனாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் காசை மெதுவாகத் திருப்பினால் திராட்சைக் குலையின் ஓரத்தில் இலத்தீன் எழுத்து இரண்டு, மூன்று தென்படும். சேகரிப்பாளர்கள் இதற்காகவே உயிரை விடுகிறார்கள்.

வரலாற்றாசிரியருக்கு எது உதவும்? இந்த இடத்தில் பார் கோக்பா காசுக்கே என் ஓட்டு. முதல் இரண்டு ஆண்டுகளின் காசுகளில் ஆண்டே இருக்கிறது, கிளர்ச்சியின் காலமும் நமக்குத் தெரியும். சாதகர்ணியின் காசு முன்பின் வரிசையை மட்டும் சொல்லும்: நகபானன் முதலில், சாதகர்ணி பிறகு. எந்த ஆண்டு என்று கேட்டால் வாய் திறக்காது. நகபானனின் காலம் பற்றிய சண்டை அதனால் இன்னும் ஓயவில்லை. ஆனால் நகபானனுக்கும் சாதகர்ணிக்கும் நடுவே வேறொரு க்ஷகராத அரசரின் காசு அந்தப் புதையலில் இல்லை. வென்றவரும் தோற்றவரும் யார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பார்த்து ரசிக்க எது? தயங்காமல் நாசிக் காசு. யூதக் காசு அழகு, ஆனால் அதன் அழகு புது அச்சோடு முடிந்துவிடுகிறது. நாசிக் காசில் இரண்டு பேர் இன்னும் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய கோடு புதுக் கோட்டின் அடியில் புகுந்து, மறுபுறம் தொடர்கிறதா என்று பாருங்கள். புது உருவத்தைக் கண்டதும் பழையது ஒதுங்கி நின்றால் சந்தேகப்படுங்கள். இந்தியாவிலிருந்து இத்தகைய பழங்காசுகளை வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு இடம் தருவதில்லை.

இரண்டின் பிற்காலமும் தலைகீழ். கிளர்ச்சி அடங்கியபின் பார் கோக்பாவின் காசு செல்லாது என்று யூத மத அறிஞர்களான ரபிகளே சொல்ல வேண்டி வந்தது. சாதவாகனர்களோ, யாருடைய முகத்தின் மேல் மலையை அடித்தார்களோ, அந்தச் சத்ரபர்களின் பாணியிலேயே பின்னால் தங்கள் முகம் பொறித்த வெள்ளிக் காசு வெளியிட்டார்கள். அதில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம், பிராகிருதத்தின் ‘சிரி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘திரு’, ‘புத’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மகன்’.