நீர்க்கடுப்புக்குப் பார்லியா, சிரப்பா, மாத்திரையா?

டிசம்பர், ஜனவரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தாகமே தெரியாது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், தேயிலைக் காட்டில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். சிறுநீர் வந்தாலும், பறித்த கொழுந்தை எடை போடும்வரை அடக்குவார்கள். பெண்ணுக்குச் சிறுநீர்த்தாரை சுமார் 4 செ.மீ.தான். குடலில் இருக்கிற ஈ.கோலை கிருமி சுலபமாக ஏறி, தேங்கிய நீரில் பெருகும்.

பார்லித் தண்ணீர் கிருமியைக் கொல்லாது. தண்ணீரை உள்ளே போகவைப்பதுதான் அதன் வேலை. வெந்நீரும் அதையே செய்யும். கடுப்பு வந்தபின் இதை மட்டும் நம்புவது வீண். வராமல் தடுக்கத்தான் கெட்டி: நாளுக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாகக் குடித்து, அடிக்கடி கடுப்பு வந்த பெண்கள் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தபோது, தொற்று ஏறக்குறைய பாதியானது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மருந்துக் கடையில் தரும் சிட்ரேட் சிரப் சிறுநீரின் புளிப்பை முறிக்கும். சிலருக்கு எரிச்சல் தணியும், கிருமி அப்படியே இருக்கும்.

கிருமியைக் கொல்வது மாத்திரைதான். சாதாரணக் கடுப்புக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது நைட்ரோஃபுரான்டாயின்: 100 மி.கி., காலையும் இரவும் சாப்பாட்டோடு, 5 நாள். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றதென்று மீதியைப் பரணில் போடுவது ஒரு தப்பு. கூடவே சிட்ரேட் சிரப் குடிப்பது இன்னொன்று. புளிப்பான சிறுநீரில்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பிரசவம் நெருங்கியவர்களுக்கும் இது ஆகாது.

கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால், முதல் மாத்திரைக்கு முன்னே கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். கூடலூருக்கு உள்ளே தள்ளியிருக்கிற எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து அது முடியாதென்றால் பிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோங்கள். வெளியிலேயே கிடந்தால் வழியில் கிருமி பெருகி, முடிவு பொய்யாகும்.

வயதும் கர்ப்பமும் கணக்கை மாற்றும். கர்ப்பிணிக்குக் கடுப்பே இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி தெரிந்தால் மருந்து வேண்டும். தொந்தரவில்லாத பாட்டிக்கு அதே முடிவு வந்தால் பொதுவாக வேண்டாம். மாதவிடாய் நின்றபின் அடிக்கடி வருகிறவர்களுக்கு, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பார்லியைவிட உதவும். மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். நைட்ரோஃபுரான்டாயின் அங்கே பலிக்காது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.