ஒப்பந்தம் முடிகிறது: பேரம் பேசி இருப்பதா, மாறிவிடுவதா?

பிரிட்டனில் பிராட்பேண்ட், டிவி ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாள் முன்பு நிறுவனம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 2020 பிப்ரவரி முதல் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமின் விதி இது. முடியும் தேதி, அதன்பின் மாறும் கட்டணம் இரண்டும் அதில் இருக்கும். அது வந்ததும் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

செலவு
அதே நிறுவனத்தில் இருந்தால்: முதலில் சொல்லும் விலையை ஏற்காதீர்கள். அதே நிறுவனம் புதியவர்களுக்குத் தரும் விலையையும் போட்டியாளரின் விலையையும் குறித்துக்கொண்டு, சேவையை ரத்து செய்யும் பிரிவுக்குப் பேசுங்கள். விலை குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் அங்கேதான்.
மாறினால்: தொடக்க விலை மலிவு, நிறுவல் கட்டணம் இருக்கலாம்.
மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 24 மாத மொத்தத்தைக் கூட்டுங்கள். 2025 ஜனவரி 17க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் ஒப்பந்தத்தின் நடுவே வரும் விலை உயர்வு பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்பே சொல்லப்பட்டிருக்கும், அதையும் சேருங்கள்.

சிரமம்
இருந்தால்: ஒரு அழைப்பு. ஒத்துக்கொண்ட விலையை எழுத்தில் வாங்குங்கள்.
மாறினால்: 2024 செப்டம்பர் முதல் புதிய நிறுவனத்திடம் சொன்னால் போதும், பழைய பிராட்பேண்டை அவர்களே நிறுத்துவார்கள். பலர் தவறுவது இங்கேதான்: கட்டண டிவி அதில் சேராது. தனியாக ரத்து செய்யாவிட்டால் பில் வந்துகொண்டே இருக்கும். லேண்ட்லைன் எண் வேண்டுமென்றால் ஆர்டரிலேயே சொல்லுங்கள்.

போனிலோ இணையத்திலோ எடுத்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் விலகலாம்.

விளையாட்டு, சினிமா சேனல்கள் அவசியமென்றால் இருந்து பேரம் பேசுங்கள். இணையம் மட்டும் போதுமென்றால் மாறுங்கள்.