பழைய டிஸ்கில் இருந்து லேப்டாப்புக்கு: லேன் கேபிளா, டாக்கா?

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அப்பளக் கணக்கு முழுவதும் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் கிடந்தது. 500 ஜிபி டிஸ்க். அதில் 300 ஜிபி வரை நிரம்பியிருந்தது: டாலி கணக்கு, அப்பா டைப் செய்த கடிதங்கள், அக்கா கல்யாண வீடியோ. லேப்டாப் வாங்கிய பிறகு இதையெல்லாம் எப்படி மாற்றுவது என்று ஒரு வாரம் மண்டை காய்ந்தது. கடைசியில் ஹார்ட் டிஸ்க் டாக் வாங்கினேன்: கழற்றிய டிஸ்கை அதில் செருகி, யுஎஸ்பி வழியாக லேப்டாப்போடு இணைக்கலாம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கூகுள் டிரைவ் பேச்சே வேண்டாம். இலவச இடம் 15 ஜிபி. வீட்டில் வேறு டெஸ்க்டாப் இருந்தால் அதற்குள் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளில் இதை மாட்டி காப்பி செய்துகொள்ளலாம், செலவே இல்லை. அந்தப் பழைய டிஸ்கிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப (பூட் செய்ய) மட்டும் பார்க்காதீர்கள். பழைய எக்ஸ்பி வேறு மதர்போர்டில் பெரும்பாலும் நீலத் திரையோடு நின்றுவிடும்.

இரண்டு கம்ப்யூட்டரையும் நேராக இணைக்கும் லேன் கேபிள், அத்தான் சொன்ன யோசனை. "எதுக்குல டிஸ்கைக் கழட்டுத? ஒரு வயரை மாட்டி விட்டா போதும்லா" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பழைய மெஷினின் லேன் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட்தான். அதாவது நொடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 300 ஜிபிக்கு ஏழு மணி நேரம். அதைவிட, எக்ஸ்பி ஃபைல் பகிரும் பழைய முறையை இன்றைய விண்டோஸ் தானாக ஏற்பதில்லை. பாதுகாப்பைத் தளர்த்தி அதைத் திரும்ப இயக்க வேண்டும். அங்கேயே எனக்கு மனசு விட்டுப்போச்சு.

சரி, டாக். இதில் எல்லாமே கரண்டில் இருக்கிறது. முதலில் நான் வாங்கியது வெறும் யுஎஸ்பி கேபிள், தனியாகக் கரண்ட் தரும் அடாப்டர் கிடையாது. மாட்டியதும் கேபிளில் நீல விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. டிஸ்க் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சின்ன அதிர்வுகூட இல்லை. கணக்கெல்லாம் போச்சு என்றே நினைத்துவிட்டேன். விஷயம் எளிது: லேப்டாப்பில் இருந்து கழற்றும் இரண்டரை இன்ச் டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடும், யுஎஸ்பியே போதும். டெஸ்க்டாப்பின் மூன்றரை இன்ச் டிஸ்குக்கு மோட்டார் சுற்ற 12 வோல்ட் வேண்டும். அதை இந்த மாதிரிக் கேபிள் தராது.

வண்ணார்பேட்டைக் கடை அண்ணாச்சி டிஸ்கைத் திருப்பி லேபிளைக் காட்டினார். 12 வோல்ட்டுக்கு நேராக அரை ஆம்பியர் அளவுதான் போட்டிருந்தது. "இது ஓடும்போது இழுக்கதுதான் தம்பி. கிளம்பும்போது ரெண்டு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும்" என்றார். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சடித்த அடாப்டரோடு டாக்கை எடுத்துக் கொடுத்தார். இளைத்த அடாப்டர் என்றால் டிஸ்க் சுற்ற முயன்று முயன்று நிற்கும். டிஸ்கே செத்துவிட்டது என்று நாம் தப்புக்கணக்குப் போட்டுவிடுவோம். நல்ல அடாப்டரிலும் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் டேட்டா மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் பக்கம் நான் போனதில்லை.

டாக்கில் மாட்டியதும் விர்ர் என்று சுற்றியது. யுஎஸ்பி 3 போர்ட்டில், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் கரண்ட் போனால் லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, டாக்குக்குக் கிடையாது. அதனால் பழைய கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸில் டாக்கைச் செருகினேன். சில ஃபோல்டர்கள் அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தன. தொடரவும் என்று அழுத்திவிட்டுக் காத்திருந்தால் திறந்துகொண்டன.

அப்பா கடிதங்களைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிறுக்கல். எல்லாம் பாமினியில் அடித்தது. லேப்டாப்பில் அந்த எழுத்துரு கிடையாது. பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்த ஃபான்ட்ஸில் இருந்து அதை எடுத்துப் போட்டதும் கடிதங்கள் தமிழுக்குத் திரும்பின. லேனில் போயிருந்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பகிர்ந்துவிட்டு, பழைய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பேன். எழுத்துருவும் அதோடு போயிருக்கும்.

டாக் இப்போது எதிர் வீட்டில் இருக்கிறது. அடாப்டரையும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்பினேன்.