மூன்று நாளில் ஒரு பேய் விளையாட்டு: கோடோவா, யூனிட்டியா, அன்ரியலா, பிட்சியா?

கேம் ஜாம் என்பது குறித்த சில நாளுக்குள் ஒரு கணினி விளையாட்டைச் செய்துமுடிக்கும் போட்டி. அதன் தேதி வந்துவிட்டால் எங்கள் வாட்சாப் குழுவில் முதல் சண்டை என்ஜினை, அதாவது விளையாட்டைக் கட்ட உதவும் மென்பொருளை வைத்துத்தான். ஒருவர் கோடோ என்பார், இன்னொருவர் யூனிட்டியை விட்டுக்கொடுக்க மாட்டார், கடைசியில் ஒரு தம்பி, "அண்ணே, அன்ரியல்ல செஞ்சா சும்மா நெசம் மாதிரியே இருக்கும்ண்ணே" என்று ஆரம்பிப்பான். பாதிப் பேருக்கு மறுநாள் காலை பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட். விடியவிடிய வாதாட யாருக்கும் தெம்பில்லை. அதனால் இந்த அலசல்.

பொதுவாக எது சிறந்த என்ஜின் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. லூடம் டேர் மாதிரியான ஜாமில் தனியாளுக்கு 48 மணி நேரம், குழுவுக்கு 72. அதற்குள் முடியவேண்டும். ஆடுபவர் பத்துப் பதினைந்து நிமிடம் இருட்டில் நடந்து, எதையாவது திறந்து, படித்து, காதுகொடுத்துக் கேட்டு, பயப்படவேண்டும். துப்பாக்கி கிடையாது, சண்டை கிடையாது. இந்த ஒரு வேலைக்கு எது தோது என்பதுதான் விஷயம்.

ஒப்பிட ஓர் இடம் வேண்டுமே. பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியை எடுத்துக்கொள்கிறேன். முன்னால் அஞ்சடி என்னும் கடைவாசல் நடைபாதை, குறுகிய முகப்பு, உள்ளே போகப்போக நீண்டுகொண்டே போகும் கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தாழ்ந்த மேசைகள். ஒவ்வொன்றும் ஒரு மார்க்காவுடையது (தனித்தனி வட்டிக்கடை), பக்கத்திலேயே இரும்புப் பெட்டி. நடுவில் வானம் பார்த்த ஏர்வெல், மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். ஆடுபவர் ஒரு பெட்டியடிப் பையன், கடையின் எடுபிடி. ராத்திரி பேரேட்டை எடுத்துவரச் சொல்லி அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போதெல்லாம் யாரும் இல்லாத ஏதோ ஒரு மேசையில் விளக்கு எரிகிறது. கதை அவ்வளவுதான். இடம் சின்னது, நேர்கோடு, எழுத்து எல்லாம் தமிழ். இனி நான்கையும் இதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

பிரவுசரில் திறக்குமா?

ஜாமில் உங்கள் விளையாட்டுக்கு மதிப்பெண் போடுபவர்கள் மற்ற போட்டியாளர்கள்தான். அவர்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் பதிவுகள் கிடக்கும். முன்பின் தெரியாத ஒருவர் போட்ட ஜிப் கோப்பை இறக்கி, விண்டோஸ் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டி, திறந்து பார்க்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது. பிரவுசரில் ஒரு கிளிக்கில் ஓடினால் ஆடுவார்கள்.

இந்தக் கேள்வியிலேயே அன்ரியல் வெளியே போய்விடுகிறது. வெப்புக்கு, அதாவது பிரவுசரில் ஓடும் வடிவத்துக்கு, ஏற்றுமதி செய்யும் வசதியை அதன் நிறுவனமான எபிக் 4.24 பதிப்போடு கைவிட்டுச் சமூகத்திடம் ஒப்படைத்துவிட்டது. 5-இல் அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, நிறுவவே பத்துக்கணக்கான ஜிபி. அதன் ஒளியமைப்பு முறையான லூமனைத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் ஓடவிட்டால் காற்றாடி சத்தம்தான் முதல் திகில். வேலைக்காக அன்ரியலை நாள்தோறும் தொடுகிறவராக இருந்தால் வேறு கதை.

யூனிட்டி வெப் ஏற்றுமதியில் பழம் தின்று கொட்டை போட்டது. பில்ட், அதாவது ஆடத்தக்க வடிவமாகக் கட்டுவது, முடிய நேரம் எடுக்கும், ஆனால் முடிந்தால் ஓடும். கோடோ 4-இன் ஆரம்பப் பதிப்புகளில் இங்கே ஒரு தலைவலி இருந்தது. வெப் பில்டுக்கு த்ரெட் (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் முறை) கட்டாயம், அதற்கு சர்வர் ஹெடர்கள் என்னும் தனிக் குறிப்புகளை அனுப்பவேண்டும், விளையாட்டுகளை ஏற்றும் இட்ச் தளத்தில் அதற்கென்று ஒரு பெட்டியை டிக் செய்யவேண்டும், அப்படியும் சில பிரவுசர்களில் வெறும் திரைதான். 2024 ஆகஸ்டில் வந்த 4.3 பதிப்பில் த்ரெட் இல்லாமலே ஏற்றுமதி செய்யலாம் என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் ஜாம் செய்ய எந்தக் காரணமும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கோடோ 4-இல் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதினால் வெப் கனவை மறந்துவிடவேண்டும். கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

பிட்சி? பிரவுசரிலேயே செய்து பிரவுசரிலேயே ஆடுவது, மொத்த விளையாட்டும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. இந்தச் சுற்றில் அதோடு யாரும் மோத முடியாது.

இருட்டு இருட்டாக இருக்குமா?

பேய் விளையாட்டில் விளக்கைவிட இருட்டுக்குத்தான் மெனக்கெடவேண்டும். கிட்டங்கிக் கூடத்தில் ஒரு விளக்கு, அதைச் சுற்றி மெல்ல மங்கிப்போகும் இருள் என்று வையுங்கள். திரையில் வருவதென்னவோ பட்டை பட்டையாகச் சாம்பல் வளையங்கள். இருண்ட நிறங்களுக்குத் திரையில் கிடைக்கும் படிநிலைகள் குறைவு. அதனால் சாய்வு வழுவழுப்பாக வராமல் படிக்கட்டாகிவிடுகிறது. யூனிட்டியின் யூஆர்பி என்ற படம் வரையும் முறையில் கேமராவில் டிதரிங் என்று ஒரு டிக் உண்டு, அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோடோவில் ப்ராஜெக்ட் அமைப்பில் அதே வேலைக்கு டீபேண்டிங் இருக்கிறது. எந்த என்ஜினாக இருந்தாலும் மேலே மெல்லிய புள்ளி இரைச்சல் ஒன்றைத் தூவினால் வளையம் மறையும், பழைய வீடியோ கேசட் சாயலும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அன்ரியலில் வேறொரு வேடிக்கை. நம் கண் இருட்டுக்குப் பழகுவதுபோல அதன் கேமராவும் தானாகப் பழகிக்கொள்ளும். நீங்கள் விளக்கை அணைக்க அணைக்க அது எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே போய்க் கூடம் முழுவதையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். எக்ஸ்போஷரைக் கையால் கட்டிப்போடும்வரை ஒரு பயமும் வராது. யூஆர்பியில் இந்தத் தானியங்கி இல்லை, கோடோவில் நீங்களே கேட்டால்தான் வரும்.

கோடோவில் முதல் நாளே எடுக்கவேண்டிய முடிவு ஒன்று உண்டு. புது ப்ராஜெக்ட் திறக்கும்போது ஃபார்வர்ட் பிளஸ், மொபைல், கம்பாட்டிபிலிட்டி என்ற மூன்று ரெண்டரர்களில் (காட்சியைத் திரையில் வரையும் முறைகள்) எது என்று கேட்கும். வெப்பில் ஓடுவது கம்பாட்டிபிலிட்டி மட்டும்தான். ஃபார்வர்ட் பிளஸில் தொடங்கி, ஏர்வெல் வழியாகக் கனமான மூடுபனிக்குள் நிலா வெளிச்சம் இறங்குவதை ரசித்து ரசித்துச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெப்புக்கு மாற்றினால் அந்தப் பனி இருக்காது. வால்யூமெட்ரிக் பனி அங்கே கிடையாது, தூரத்தை மங்கவைக்கும் சாதாரணப் பனி மட்டும் உண்டு. ஒரு பொருளின்மேல் விழும் விளக்குகளுக்கும் வரம்பு இருக்கிறது, இயல்பாக எட்டு. கூடத்தின் தரையை ஒரே பெரிய மெஷ்ஷாக, அதாவது ஒரே முப்பரிமாண வடிவமாகச் செய்து மேசைக்கு மேசை விளக்கு வைத்தால் ஒன்பதாவது மேசையில் வெளிச்சம் காணாமல் போகும். தரையைத் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள்.

படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சுற்று யூனிட்டிக்கு. வெப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் ஒரே யூஆர்பி என்பதால் ஞாயிற்றுக்கிழமை அதிர்ச்சி குறைவு. பிட்சியில் ஓர் அறைக்கு மூன்றே நிறம், 128-க்கு 128 புள்ளி. அங்கே இருட்டு என்பது ஆடுபவர் மனத்தில் மட்டும்.

'பேய்' என்று எழுத வருமா?

தமிழில் விளையாட்டு செய்யாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். செய்கிறவர்களுக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

யூனிகோடில் 'பே' என்பது முதலில் ப, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்தை வடிவமைக்கும் மென்பொருளின் பொறுப்பு. யூனிட்டியில் எல்லாரும் பயன்படுத்தும் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை. விளைவு, 'பேய்' என்று தட்டினால் கொம்பு பின்னால் நகர்ந்து அடுத்த ய-வோடு ஒட்டிக்கொள்ளும். யூனிட்டி 6-இல் எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் நூலகத்தை வைத்து ஒரு புது எழுத்துமுறை வந்திருக்கிறது, ஆனால் அது யூஐ டூல்கிட் என்ற வேறொரு கருவிக்கானது. டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் கை பழகியவர்கள் ஜாம் நடுவில் புதிதாகக் கற்கவேண்டும். பழைய ஆட்கள் செய்யும் குறுக்குவழி: பாமினி மாதிரி பழைய முறை எழுத்துருவை எடுத்து, வசனத்தை அதற்கு மாற்றி ஒட்டுவது. அதில் கொம்பை முதலில் தட்டினால் முதலில்தான் நிற்கும். அசிங்கமான வழி, ஆனால் வேலை செய்யும்.

கோடோ 4-இல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. நல்ல தமிழ் யூனிகோட் எழுத்துரு ஒன்றைப் போட்டால் போதும், கொ, ஸ்ரீ எல்லாம் ஒழுங்காக வரும். வசனத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்காட்டும் விளைவு வைக்கிறீர்களென்றால், லேபிளில் எழுத்துகளை வடிவமைத்த பிறகு எண்ணும்படி மாற்றிவிடுங்கள். இயல்பான அமைப்பில் முதலில் ப வந்து, அடுத்த நொடி அது பே என்று குதிக்கும். பார்க்கக் கண் கூசும். அன்ரியலிலும் தமிழ் வரும், ஆனால் எழுத்துகளை முழுமையாக வடிவமைக்கும் முழு ஷேப்பிங் முறையை நீங்கள் தேர்ந்தெடுக்கவேண்டும். இடமிருந்து வலம் எழுதும் மொழிகளுக்கு அது தானாகப் போட்டுக்கொள்வதில்லை. பிட்சி ஒவ்வோர் எழுத்தையும் குட்டிப் புள்ளிப்படமாக அடுக்குவது. தமிழுக்கு அது சரிப்படாது.

இதையெல்லாம் சொன்னாலும், கிட்டங்கி விளையாட்டில் நான் பேரேட்டுப் பக்கங்களை எழுத்துருவில் போடமாட்டேன். பெரியவர்கள் யாரையாவது பிடித்து, பழைய கணக்கு வழக்கில் இருப்பதுபோல் தமிழ் எண்களோடு பேனாவால் எழுதவைத்து, படமெடுத்து அப்படியே ஒட்டுவேன். எந்த என்ஜினும் அதைக் கெடுக்க முடியாது, எந்த எழுத்துருவாலும் அந்தக் கைநடுக்கத்தைக் கொண்டுவர முடியாது. அப்படிச் செய்தால் இந்தச் சுற்றில் கோடோவுக்குக் கிடைத்த முன்னிலை பாதியாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தம்

இங்கே கோடோவும் யூனிட்டியும் ஒரே மாதிரி கைவிடுகின்றன. எடிட்டரில் உட்கார்ந்து கூடத்துக்கு ஒரு ரிவெர்ப், அதாவது எதிரொலி, போட்டுக் கேட்டால் புல்லரிக்கும். வெப்பில் ஏற்றினால் அதே காலடிச் சத்தம் குளியலறை பக்கெட்டைத் தட்டினதுபோல் வறட்டென்று விழும். கோடோ 4.3-இலிருந்து வெப்பில் ஒலிகள் இயல்பாக சாம்பிள் முறையில் ஓடுகின்றன, அந்த முறையில் ரிவெர்ப் மாதிரியான பஸ் விளைவுகள் எதுவும் வேலை செய்யாது. ஸ்ட்ரீம் முறைக்கு மாற்றலாம், ஆனால் த்ரெட் இல்லாத பில்டில் கரகரக்கும் வாய்ப்பு அதிகம். யூனிட்டியின் வெப் பில்டிலும் மிக்ஸர் விளைவுகள் வராது.

தீர்வு இரண்டுக்கும் ஒன்றே. எதிரொலியை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒலிக்கோப்பிலேயே சுட்டு வைத்துவிடுங்கள். ஒரே காலடியை அஞ்சடிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, மரப்படிக்கு ஒன்று என மூன்றாக. இன்னொன்று, ஆடுபவர் கிளிக் செய்யும்வரை பிரவுசர் ஒலியை அனுமதிக்காது. ஆகவே முதலில் ஒரு தலைப்புத் திரை, அதில் ஒரு கிளிக். மவுஸைப் பிடித்துக்கொள்ளவும் அதே கிளிக் உதவும்.

ஒலி பதிவுக்குப் பினாங்கில் பஞ்சமில்லை. தகரக்கூரை மழை, சீலிங் ஃபேன் கிறீச்சு, பல்லி. ஆனால் பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கையும் கோயில் மணியையும் பயமுறுத்தும் சத்தமாக வைக்கவேண்டாம் என்பது என் கட்சி. முனியாண்டி சாமியைப் பேயாக்குவதும் அப்படித்தான். காவல் தெய்வத்தை வில்லனாக்கும் விளையாட்டை நம் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டமுடியாது.

இடம் மாறினால்

காசைப் பற்றி நீட்டவேண்டாம். ஜாமுக்கு நான்குமே இலவசம். 2023 செப்டம்பரில் யூனிட்டி அறிவித்த ரன்டைம் கட்டணம் (விளையாட்டை நிறுவும் எண்ணிக்கைக்கேற்ற கட்டணம்) பலரைக் கோடோ பக்கம் விரட்டியது, ஓராண்டில் அதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். அன்ரியல் 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தால்தான் பங்கு கேட்கும். அந்தக் கவலை நமக்கு வரட்டுமே.

இடம் எது என்பது அதைவிடப் பெரிய காரணி. கிட்டங்கிக்குப் பதில் ரப்பர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை இருட்டு, பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து தலையில் கட்டின விளக்கோடு நிரைக்குள் (மர வரிசைக்குள்) நடக்கிறீர்கள், வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். இதற்கு கோடோவின் எளிய தூரப்பனியே தாராளம். மரம் ஒன்று செய்தால் போதும், கோடோவின் மல்டிமெஷ் வசதியில் ஆயிரமாகப் பெருக்கலாம், விளக்கு ஒன்றே ஒன்று. பனி உங்கள் மாடலிங் குறைகளையும் மறைக்கும். அதே நேரம் கோலாலம்பூர் அடுக்குமாடி நடைபாதை, மின்தூக்கி, ஒவ்வொரு மாடியிலும் டியூப்லைட் என்றால் விளக்குகள் நிறைய, நிழல்கள் நிறைய. யூனிட்டியில் விளக்கு வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்து (பேக் செய்து) வைப்பது கைகொடுக்கும்.

என் தேர்வு, கிட்டங்கிக்கும் தோட்டத்துக்கும் கோடோ, கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரில். அடுக்குமாடிக்கும், யூனிட்டியில் ஏற்கெனவே கை பழகிய குழுவுக்கும் யூனிட்டி. அன்ரியல் இந்த ஜாமுக்கு வேண்டாம். தனியாளாக, நிரல் எழுதவே தெரியாமல், ஒரு வார இறுதி மட்டும் கையில் இருந்தால் பிட்சி. தமிழில்தான் வேண்டுமென்றால் ட்வைன், எழுத்தாலேயே கதை விளையாட்டு செய்யும் கருவி. அது பிரவுசரின் எழுத்துமுறையையே நம்பியிருப்பதால் தமிழ் பிசிறில்லாமல் வரும், படத்துக்குப் பதில் வாக்கியத்தால் பயமுறுத்தவேண்டும், அவ்வளவுதான்.

குளோபல் கேம் ஜாம் ஜனவரிக் கடைசியில் வருவது. சில ஆண்டுகளில் தைப்பூசத்தோடு மோதும், குழுவில் பாதிப் பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருப்பார்கள். என்ஜின் எதுவானாலும், வெள்ளி இரவே ஒரு காலி அறையையும் ஒரு கதவையும் மட்டும் வைத்து வெப்புக்கு ஏற்றுமதி செய்து, இட்ச் தளத்தில் பூட்டிய பக்கமாக ஏற்றி, யாராவது ஒருவர் வீட்டுக் கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். தமிழ் வருகிறதா, இருட்டில் வளையம் தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வேறு என்ஜினுக்கு மாறவேண்டுமானால் அன்று இரவு மாறினால்தான் உண்டு.