பழைய லாராவா, புதிய லாராவா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்கா மகளுக்கு ஒரு கேம் வாங்க வேண்டும். கையில் இருப்பது இரண்டு டூம் ரெய்டர்: 1996-இல் வந்தது, 2013-இல் வந்தது. இரண்டிலும் நாயகி லாரா கிராஃப்ட்.

பழைய லாராவுக்கு அரைக்கால்சட்டை, இரண்டு கைத்துப்பாக்கி, கூம்பு மாதிரி மார்பு. ஆனால் யாருக்கும் பயப்படமாட்டாள்.

புதியவளுக்கு முழுக்கால்சட்டை, வில், முகமெல்லாம் சேறு. கதையை எழுதியதில் முதன்மையானவர் ரியானா பிராட்செட் என்ற பெண். ஆரம்பத்திலேயே லாரா விழுந்து இடுப்போரம் கம்பி குத்துகிறது. பிடுங்கும்போது அவள் அலறுவதில் எனக்கே வயிறு கலங்கியது. உடையை நீட்டியவர்கள் வலியையும் நீட்டிவிட்டார்களோ! தோற்றால் அவள் சாகும் காட்சிகள் இன்னும் கோரம்.

பாத்திரமாகப் புதியவள்தான் மேல். பிள்ளைக்கோ வயது 13. ஐரோப்பாவில் 2013 கேமுக்கு 18 வயது வரம்பு. சரி, 2024-இல் மெருகேற்றி வந்த பழையதே இருக்கட்டும். ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் காலத்துக் கட்டம் கட்டமான முகமும் வரும். அக்கா ஆடியது அவளோடுதான்.